சிரிக்கச் சொன்னவர்

எளாவூர் சோதனைச்சாவடியில் நான் குமாஸ்தாவாக இருந்த எழுபதுகளில், எதிர்க் கடையில் டீ போட்டவர் அவர். மழித்த முகம், கண்ணில் மெல்லிய மை. தோள் துண்டை முந்தானைபோல் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் டீ ஆற்றுவார். லாரிக்காரர்கள் விசிலடிப்பார்கள்; என் சக குமாஸ்தாக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மனமும் ஆண்களையே நாடும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நான் குனிந்தபடி டீ குடிப்பேன்.

ஒருநாள் கடையில் வேறு யாருமில்லாதபோது சொன்னார்: "நீ மட்டும் சிரிக்காம குந்திகினு இருந்தா உம்மேல சந்தேகம் வந்துடும் சார். நீயும் சிரி."

"உங்களுக்கு வருத்தமா இருக்காதா?" என்றேன்.

"நீ பொய்யாதான சிரிக்கப்போற? அது எனக்குத் தெரியாதா இன்னா?"

மறுநாள் சிரித்தேன். கொஞ்ச நாளில் நிஜமாகவே சிரிப்பு வந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.