தேரிக்காட்டுக்குக் கூட்டிப் போன அண்ணன்

அண்ணன் என்னைத் தேரிக்காடு பார்க்கக் கூட்டிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்செந்தூர்ப் பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும் இடம் அது. தமிழ்நாட்டிலேயே ஒரு பாலைவனம். செல்போனில் படம் பார்த்ததிலிருந்து கண்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். "மண்ணப் பாக்கவா மதுரை தாண்டிப் போகணும்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா இறந்து வருசம் திரும்பியதும் பிறந்த ஊரான சுருளிப்பட்டியிலிருந்து அண்ணன் போன் செய்தார். "ஏத்தா, அந்தச் செவப்பு மண்ணு பாக்கணும்னியே, ஞாயித்துக்கெழமை கெளம்பி இரு. நானும் ஒம் மதினியும் கார்ல வாரோம்."

கல்யாணமாகி அல்லிநகரம் வந்த பிறகு அண்ணன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டதுகூடக் கிடையாது. அப்படிப்பட்டவர் காரோடு வாசலில் வந்து நின்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதினி முன் சீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அதற்கும் நான் பூரித்துப்போனேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று வாங்க நிறுத்தினார். மதுரை தாண்டி இளநீர், அருப்புக்கோட்டையில் காபி. கரிசல் காட்டுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டி, வெடித்துக் கிடந்த கருப்பு மண்ணைக் காட்டினார். தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்ததைப் பார்க்க இன்னொரு நிறுத்தம். "அவசரமே இல்லத்தா, ஆற அமரப் பாரு" என்றார். இந்த மனுசனையா இத்தனை நாள் கல்நெஞ்சன் என்று நினைத்திருந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பனையும் முந்திரியும் விலகியதும் செக்கச்செவேலென்று மணல் தெரிந்தது. நம் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்தான், ஆனாலும் இது வேறு. மண்ணில் இரும்பு இருப்பதால் அந்த நிறமாம். காற்றே அள்ளிக் குவித்த மேடுகளாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கால் கணுக்கால்வரை புதைந்தது. உச்சியில் நின்று பார்த்தால், யாரும் மிதிக்காத மணலில் காற்று வரிவரியாகக் கோடு இழுத்து வைத்திருந்தது. சந்தோசத்தில் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பாவோட திராச்சைத் தோட்டத்த எம்பேருக்கு மாத்தணும்த்தா. ஒம் பங்க விட்டுக்குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

எங்கள் பக்கம் பெண்பிள்ளையிடம் பங்குப் பேச்சை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். எங்காவது கூட்டிப்போய், வயிறு நிறைய வைத்து, முகம் மலர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்பார்கள். என் சித்தியிடம் சுருளி அருவியில் தலை ஈரம் காயும் முன்னே கேட்டார்கள். எனக்குப் பாலைவனம் வாய்த்தது.

"நான் எதுக்குண்ணே போடணும்?" என்றேன்.

"பொறந்த வீட்டு ஒறவு வேணாமா? நாளப்பின்ன ஒரு நல்லது கெட்டதுக்கு நாந்தான வந்து நிக்கணும்?"

"தாய்வீடு இல்லாத பொம்பளைக்கு என்ன மதிப்பு இருக்கு, சொல்லுங்க" என்று பின்னாலேயே ஏறி வந்த மதினியும் எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் திராட்சைப் பந்தலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொடி இழுத்துக் கட்டியவள் நான். மருந்தடித்த நாட்களில் கண் எரிச்சலோடு பாடம் படித்தவள். அப்போதெல்லாம் அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தார். மரியாதையாகக் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. ஓர் இளநீருக்கும் முன் சீட்டுக்கும் மயங்கிவிடுவாள் என்று நினைத்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் வைத்தே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? ஆசைப்பட்டு வந்த இந்த மணலையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா? இப்போதும் அந்தச் சிவப்பை நினைத்தால் கூடவே அவர் குரலும் கேட்டுத் தொலைக்கிறது.

"போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

திரும்பும்போது அண்ணன் எங்கேயும் வண்டியை நிறுத்தவில்லை. பொழுது சாயும் நேரம் அம்மா போன் செய்தார். அண்ணனின் போன் காரோடு இணைந்திருந்ததால் அம்மாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "ஏலே, கேட்டியா? பாப்பா சரின்னுட்டாளா?"

அம்மாவுக்கும் தெரியும். மணலில் வராத அழுகை அப்போது வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நானே பதில் சொன்னேன். "இல்லம்மா. சரிங்கல."

அம்மா விடவில்லை. "ஏத்தா இப்பிடிப் பண்ற? எங்கண்ணன் கேட்டப்ப நான் மறுபேச்சு பேசாமப் போட்டுக் குடுக்கலையா? ஒறவுதேன பெருசு?"

அம்மா பிறந்தது கெங்குவார்பட்டியில். சுருளிப்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

"சரிம்மா. போட்டுக் குடுத்தியே, அதுக்குப் பெறகு மாமா ஒன்னய வீட்டுக்கு வான்னு எப்பக் கூப்புட்டாக?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா போனை வைக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.