பவாஸ் கடைக் கணவாய்

மலைநாட்டுப் பிலிமத்தலாவையில் மீன் கடை வைத்திருக்கும் பவாஸுக்குக் கோபம் மூக்கு நுனியில். இருபத்திரண்டு வருடமாகக் கடலோரச் சிலாபத்திலிருந்து மீன் கொண்டுவருகிறார். மீனோடு அதே லொறியில் நான்கு கேன் கடல் தண்ணீரும் வரும். அவருடைய மீனைக் கழுவுவதும் அதில்தான், ஐஸில் ஊற்றுவதும் அதைத்தான். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் சதை தொளதொளத்துவிடுமாம். செத்த மீனுக்கு இவ்வளவு பவுசா என்று பக்கத்துக் கோழிக் கடை நுஸ்கி ஒருமுறை கேலி செய்தார். அதற்கு ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தவர் பவாஸ்.

அப்பேர்ப்பட்டவரின் பெயரை ஒரு வீடியோ நாறடித்துவிட்டது. இருட்டுக்குள் கணவாய் மீன்கள் நீலமாக மினுங்கும் வீடியோ. 'பவாஸ் கடை மீன். மருந்தடிச்சது. வாங்காதீங்க' என்று கீழே எழுதி, ஊர் முழுக்கப் போனில் சுற்றவிட்டார்கள். திங்கட்கிழமை கடைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். செவ்வாய் இரண்டு பேர். புதன்கிழமை பூனை மட்டும்.

பவாஸ் அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லை. யாரோ நீட்டிய போனில் 'மருந்து' என்ற சொல்லைக் கண்டதுமே அதைத் தட்டிவிட்டார். இது நுஸ்கியின் வேலை என்று தானே தீர்ப்பும் எழுதிவிட்டார். கோழிக் கடை வாசலில் நின்று, "இத எடுத்த கை வெளங்காமப் போகும்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நுஸ்கி கோழியை உரித்துக்கொண்டே இருந்தார். வீட்டிலும் மூன்று நாளாக அதே சாபம். மனைவி கைரியா சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். அதற்கும் எரிந்து விழுந்தார். "எண்ட கடை அழியிது, உனக்கு வாயில கொழுக்கட்டையா?"

வியாழக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் ரவிகுமார் வந்தார். விற்காமல் ஐஸில் கிடந்த கணவாய் ஒன்றை மேசையில் வைக்கச் சொன்னார். பிறகு விளக்கை அணைத்துக் கடைக் கதவையும் இழுத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் கணவாயின் தோல் மெல்ல நீலம் பூத்தது. பவாஸ் தன் ஆயுளில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் கடையில் எந்நேரமும் ஆறு பல்பு எரியும்.

"மருந்தும் இல்ல, நஞ்சும் இல்லங்க," என்றார் ரவிகுமார். "கடல்ல இருக்கிற பாக்டீரியா. ஒன்னு ரெண்டா இருந்தா வெளிச்சம் காட்டாது, கூட்டம் சேந்தாத்தான் காட்டும். வெளிச்சத்தப் பாத்து மீன் விழுங்குமாம், மீன் வயித்துக்குள்ள அதுகளுக்குச் சாப்பாடாம். அதுக்குத்தான் வெளிச்சம் காட்டுதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. நல்ல தண்ணி பட்டா செத்துப் போயிரும். நீங்க உப்புத் தண்ணிலயே வெச்சு அதுகள வளக்கிறீங்க. கழுவி, நல்லா வேக வெச்சாப் பயமில்ல."

"அப்ப எண்ட பேரக் கெடுத்தவன் மேல பொலிஸ்ல போடணும்," என்று குதித்தார் பவாஸ்.

"போடுங்க. யாருன்னு தெரியுமா?" ரவிகுமார் தன் போனில் வீடியோவை ஓடவிட்டு நீட்டினார்.

தொடக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓரம் உருகிய ஒரு பச்சைப் பேசின். காப்புப் போட்ட ஒரு கை நீண்டு விளக்கை அணைத்தது. "சுப்ஹானல்லாஹ், இஞ்ச பாருங்க ராத்தா," என்று தன் அக்காவைக் கூப்பிட்டது கைரியாவின் குரல்.

பவாஸ் கடையைப் பூட்டாமலே வீட்டுக்கு நடந்தார். கைரியா குசினியில் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உண்ட ராத்தாக்குக் காட்டத் தெரியும். எனக்குக் காட்ட ஏலாதா?"

கைரியா கத்தியை வைத்தாள். மூன்று நாளாக விழுங்கிய கோபம் அவள் முகத்தில் ஏறியது.

"ராத்தாட மகன் யாருக்கோ அனுப்பி, அவனுகள் மருந்துன்டு எழுதினதுக்கு நான் என்ன செய்ய? உங்களுக்குக் காட்ட எத்தன தரம் கூப்பிட்டன்? லைட்டப் போடாம வாங்கன்டு கெஞ்சினன். நீங்க வாசல்லயே சுவிட்சத் தட்டிட்டு, தேத்தண்ணி எங்கன்டு கத்துவீங்க. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அந்த வெளிச்சத்த நான் தனியத்தான் பாத்திக்கிறன்."

பிறகு கணவாய் மை அப்பிய வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்க. இந்தக் கை வெளங்காமப் போகணுமா?"