ஊமைப் படத்துக்குப் பேசியவன்

ஊமைப் படங்கள் ஓடிய காலத்தில் ராசிபுரத்து டென்டுக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னேன். படத்தில் ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. நடுநடுவே எழுத்து வரும். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும். வெண்ணந்தூரில் தறி நெய்துகொண்டிருந்த என்னை, தொண்டை பெரிது என்று கொட்டகை முதலாளி கூப்பிட்டுக்கொண்டார்.

முதல் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். மழை பெய்கிறது என்றேன். மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர், “ஏப்பா, மழ பெய்யறது எங்களுக்கும் தெரியுதப்பா. அடுத்தாப்ல என்னன்னு சொல்லு” என்றார். கொட்டகை சிரித்தது.

அதன் பிறகுதான் படம் பார்க்கப் படித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் படிப்பு. முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பேன். பொய் சொல்கிறவனுக்குக் கைதான் முதலில் நகரும். கதவைத் தனியாகக் காட்டினால் ஆள் வரப்போகிறான். ஒருத்தியைக் கிட்டத்தில் காட்டினால் அழப்போகிறாள். இப்படி, நடப்பதற்குச் சற்று முன்பே சொல்லிவிடுவேன். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது.

பிறகு பேசும் படம் வந்தது.

“இனிமே படமே பேசுதப்பா. நீ என்னத்தப் பேசுவ?” என்றார் முதலாளி.

சரிங்க என்றேன். தறிக்குத் திரும்பினேன்.

சேலத்தில் படம் பிடிக்க ஸ்டூடியோ கட்டியிருக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடித்தால் அங்கேயே நிலைத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு இருந்தது அந்த ஒரு படிப்புதான்.

“ஏனுங்க, உங்களுக்கு நடிக்கத் தெரியுங்களா?” என்றாள் மனைவி.

“இத்தன வருசம் பாத்திருக்கேன்ல.”

“பாத்தா ஆச்சுங்களா? நானுந்தான் வாராவாரம் சந்தையில மாட்டுத் தரகு நடக்கறதப் பாக்கறேன். எனக்குத் தரகு பேசத் தெரியுமா?”

சேலத்துக்குப் பஸ் ஏறிப் போனேன்.

டைரக்டர் பட்டணத்து ஆள். பாட வருமா என்று கேட்டார். வராதுங்க என்றேன். சரி, நடித்துக் காட்டு என்றார். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு தொட்டில் போட்டிருந்தார்கள். நான் தகப்பன். வெளியூர் போய்விட்டு வருகிறேன். தொட்டிலில் பிள்ளை செத்துக் கிடக்கிறது. பார்த்துவிட்டு அழ வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

உள்ளே நடந்தேன். தொட்டில் பக்கம் போனேன். வாய் தானாகத் திறந்தது. “இதோ தகப்பன் வருகிறான். அவனுக்கு இன்னும் தெரியாது. இப்போது குனியப் போகிறான். அழப் போகிறான்” என்றேன். கொட்டகையில் சொல்லுகிற அதே குரல்.

விளக்குப் பிடித்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை.

“என்னய்யா, நடிக்கச் சொன்னா கதை சொல்றே? வாய மூடிட்டு அழு.”

வாயை மூடிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. தொட்டிலில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டார்கள்.

“கூட்டத்துல நிக்க ஆள் வேணும். நிப்பியா? பேசக் கூடாது” என்றார் டைரக்டர்.

“நிக்கறனுங்க” என்றேன்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். மனைவி களி போட்டு வைத்தாள்.

“என்ன செய்யச் சொன்னாங்க?”

“அழச் சொன்னாங்க.”

“அழுதீங்களா?”

“இல்ல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.

“வேல குடுத்தாங்களா?”

“கூட்டத்துல நிக்கோணும்.”

“பேச்சு?”

“இல்ல.”

“போயிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் போனேன். ராஜசபை போட்டிருந்தார்கள். கையில் ஈட்டி கொடுத்தார்கள். பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அதன் பிறகு பல வருஷம் அந்த வேலைதான்.