தொட்டியைத் திறந்துவிட்ட காலை

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். நடுவில் முற்றம், அதற்கு மேல் மரப்படி ஏறினால் மச்சு. தாத்தா காலத்தில் அந்த மச்சில் மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மனைவி இறந்து, மகளும் சென்னைக்குப் போன பிறகு, அதை வெள்ளையடித்து வாடகைக்கு விட்டேன். நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், அந்த மச்சில் இருந்த இரண்டு பேருக்கு நான் செய்ததை எழுதுகிறேன்.

அவர்கள் கணவனும் மனைவியும், ஆமத்தூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான். எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலையில் தரைச் சக்கரத்துக்கு மருந்து செலுத்தும்போது தீப்பிடித்து அவளுடைய வலது கை வெந்துவிட்டது. மதுரையில் தொடைத்தோலை எடுத்துக் கையில் வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டு மாதம் தினமும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். இளஞ்சூட்டு வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். தவறினால் விரல்கள் சுருங்கி உள்ளங்கையோடு ஒட்டிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிராமத்து பஸ்ஸில் தினம் இடிபட்டு வர முடியாது என்றுதான் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் வீடு தேடினார்கள்.

மரப்படியைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். "என்ன அய்யா, படி இம்புட்டுச் செங்குத்தா இருக்கு? கை போனது பத்தாதுன்னு காலும் போகவா?"

எங்கள் தெருவில் வாடகைக்கு வருகிறவரிடம் சாதியை யாரும் கேட்பதில்லை. "உங்க ஊர்ல உங்க வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். கோயிலுக்கு எந்தத் திசை என்று தெரிந்தால் மற்றது தானாகத் தெரிந்துவிடும். அவள் கணவன் அந்தக் கேள்விக்காகவே காத்து நின்றான். நான் கேட்கவில்லை. "சாவியப் பிடிங்க தம்பி" என்றேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

ஊரில் அப்போது ஏழு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு மேலும் கீழும் பொதுவாகப் புழங்கினோம். தினமும் காலையில் மேலே ஸ்டவ் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வரும். "அய்யா, இன்னைக்கி ரெண்டு வெரலு மடங்குது!" ஒரு நாள் மூன்று விரல் என்றாள். நான் கீழிருந்து கைதட்டினேன்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த வருடம் தெருவுக்குப் பானகம் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. அன்று காலை தண்ணீர் வந்து தொட்டி ததும்ப நின்றது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். அவனுக்கு வற்றல் கடை.

"அத்தான், மேல இருக்கவுக ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டீகளா?"

"கேக்கல."

"கேக்க மாட்டீகளே, பாடம் நடத்துனவுகல்லா! நம்ம கடையில லோடு எறக்குறவனுக்கு அதே ஊருதான். அவுக காலனியாம்." தொட்டியை எட்டிப் பார்த்தான். "இந்தத் தண்ணியிலதான பானகம் கரைக்கப் போறீக? கரைங்க, கரைங்க. தெருவே குடிக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனான். அவ்வளவுதான். மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. அடுத்து நடந்ததெல்லாம் என் வேலை.

தொட்டியின் அடியில் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்த துளை ஒன்று உண்டு. கட்டையைப் பிடுங்கினேன். ஒரு வாரத் தண்ணீர் முற்றத்தில் பாய்ந்து, நடை வழியாகத் தெருச் சாக்கடைக்கு ஓடியது. சத்தம் கேட்டு மச்சிலிருந்து அவள் கணவன் குடத்தோடு இறங்கி ஓடிவந்தான்.

"அய்யா, ஏன் தெறந்து விட்டீக? இனி ஏழு நாளைக்குத் தண்ணி வராதே! அவ கைக்கு வெந்நி வேணுமய்யா!"

குனிந்து துளைக்குக் கீழே குடத்தைச் சாய்த்துப் பிடித்தான்.

"ஏலே, தொடாதலே!"

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவன் நான். தொட்டி விளிம்பில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து அவன் தலையில் அடித்தேன். புருவம் கிழிந்தது. மறுபடியும் அடித்தேன். அவன் கை ஓங்கவில்லை. என் வயதில் பாதி அவனுக்கு. ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் சுருண்டிருப்பேன். ரத்தம் கண்ணில் இறங்க இறங்க, குடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறியது. மூன்றாவது அடியில் செம்பு நெளிந்தது. குடத்தை எட்டி உதைத்தேன்.

அவள் படியிறங்கி வந்து எங்களுக்கு நடுவே நின்றாள். "தண்ணி வேண்டாம் அய்யா, நாங்க போயிருதோம். அடிக்காதீக."

தோளைப் பிடித்துத் தள்ளினேன். ஈரக் கல்லில் வழுக்கி வலது கை உடம்புக்கு அடியில் சிக்க விழுந்தாள். அப்போது அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கட்டு சிவந்துகொண்டே வந்தது. வாசலில் தெருக்காரர்கள் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நான் மேலே போய் அவர்களுடைய ஸ்டவ்வையும் வெந்நீர் போடும் சட்டியையும் முற்றத்தில் தூக்கி எறிந்தேன்.

மதியத்துக்குள் ஆட்டோவில் போய்விட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் தானாக வழுக்கி விழுந்தாள், அதைப் பார்த்து அவன் சண்டைக்கு வந்தான் என்று.

தொட்டியை மஞ்சள் கரைத்துக் கழுவினேன். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினேன். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் இறைத்தது என்று நானும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. "இந்த வருசம் பானகம் நல்லாருக்கு அத்தான்" என்று மனைவியின் தம்பி இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தான். நானும் குடித்தேன்.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு நாள் சிவகாசி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஆமத்தூரில் ஏறிய ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையால் டிக்கெட்டை வாங்கி, வலது கைக்குள் செருகினாள். அந்தக் கை மூடியே இருந்தது. நான்கு விரல்களும் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. பெருவிரல் மட்டும் அசைந்தது. எழுந்து போய்விட நினைத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அய்யா, மச்சுல இப்ப யாரு இருக்காக?"

"யாருமில்ல. பூட்டிக் கெடக்கு."

"வெள்ளையெல்லாம் அடிச்சு நல்லாத்தான இருந்துச்சு."

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்தபடி பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு இப்பவும் சொல்லுவாரு. முழுசா வேண்டாம், அரைக் கொடம் பிடிக்க விட்டுட்டு அடிச்சிருக்கலாம்னு."

அவள் இறங்க வேண்டிய பயர் ஆபீஸ் வந்தது. மூடிய கையைக் கம்பியில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு எழுந்தாள். வழி விட நான் காலை ஒடுக்கிக்கொண்டேன்.