அடுப்புக்கு மேலே காய்ந்த கையுறை

குளிக்க வைத்த வெந்நீர் வலது கையில் கவிழ்ந்தது. புண் ஆறிவிட்டது என்று நிம்மதியான பிறகுதான் தழும்பு எழும்ப ஆரம்பித்தது. புறங்கையிலும் விரல்களிலும் சிவந்து, தடித்து, முறுக்கிய கயிறு மாதிரி. அரிப்பு உயிரை வாங்கியது. கருவாடு தின்றதால் என்றார்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில். கருவாட்டை நிறுத்தினேன், தழும்பு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா விளக்கினார். ஆழமாக வெந்த புண்ணை உடம்பு நார் போட்டு அடைக்குமாம். அடைத்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தால் இப்படி மேடாகுமாம். அதை அமுக்க, மாற்றி மாற்றிப் போடும்படி இறுக்கமான கையுறைகள் தந்தார். குளிக்கும்போதும் எண்ணெய் தடவும்போதும் தவிரக் கழற்றக் கூடாது, தினமும் துவைக்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் கொழுந்து பறிக்க முடியாது. எங்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்தவள் நான் மட்டும்தான்; பேர் போனால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். விரதம் இருப்பது போல அந்த உறையைப் போட்டேன்.

உடப்புசல்லாவை மலையில் பெய்யும் மழையில் வெளியே என்ன காயும்? எங்கள் பக்கம் எல்லாத் துணியும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான். உறையை வீட்டுக்காரர்தான் துவைத்தார், காயப்போட்டார், காலையில் சூட்டோடு கொண்டுவந்து விரல் விரலாக மாட்டிவிட்டார். அதுவரை என் துணி ஒன்றைக்கூடத் தொட்டவர் இல்லை.

மாதங்கள் போயும் மேடு அமுங்கவில்லை. டொக்டர் அம்மா உறைக்குள் விரல் விட்டுப் பார்த்தார், தாராளமாகப் போனது.

“இதை எங்க காயப்போடுறனீங்கள்?”

“அடுப்புக்கு மேலங்க.”

“சூட்டில இழுவை போயிடும். தளர்ந்த உறை அமுக்காது.”

தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார். வலித்தது, ஆனால் வேறு யாருக்கோ வலித்த மாதிரி. ஒட்டுகிற சிலிக்கோன் தகடும் புது உறைகளும் தந்தார். மற்ற விரல்கள் மடங்கலாம், சுட்டுவிரல் சந்தேகம் என்றார். பஸ்ஸில் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை.

வீட்டில் அவர் புது உறையைக் கேட்டுக் கை நீட்டினார்.

“இனி நானே காயப்போடுறேங்க, நிழல்ல.”

“ஏன், சூடா இருந்தா உனக்கு இதமாத்தானே இருந்துச்சு?”

“இதமாத்தாங்க இருந்துச்சு.”

அவர் என் கையை மடியில் வைத்து, வழக்கம்போல எண்ணெய் தடவி அமுக்கிவிட்டார். சுட்டுவிரலுக்கு வந்ததும், “வலிக்குதா?” என்றார். அவர் விரல் அதன்மேல் இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

“இல்லங்க” என்றேன்.