நான்காவது சிவப்பு முடிச்சு

ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவென்று கேட்டால் கமலாட்சி வாயைத் திறக்க மாட்டாள், சுருக்குப்பையைத்தான் திறப்பாள். உடம்பெல்லாம் தடிக்கவைத்த வலி மாத்திரை, முகத்தை வீங்கவைத்த பென்சிலின், வாயைப் புண்ணாக்கிய சல்ஃபா என்று ஒவ்வொன்றின் காலி அட்டையும் சிவப்புப் பட்டு நூலால் கட்டிக் கிடக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகளுக்கு அச்சு பிணைக்கிறவள் அவள். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்கிற விரல் போட்ட முடிச்சு, லேசில் அவிழாது. நான்காவதாக இருந்தது ஒரு துண்டுச் சீட்டு: 'மரத்துப்போகும் ஊசி'. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பல் பிடுங்கப் போன இடத்தில் அதைப் போட்டதும் மயங்கி விழுந்தாளாம்.

இப்போது கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் போய்ப்போய் ஆளே வெளுத்துவிட்டாள்; அறுவை செய்தே ஆகவேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்ததுமே இரண்டு ஆஸ்பத்திரிகளில் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் கிரேஸ், பக்கத்து ஊரான முசரவாக்கத்துப் பெண். பையைக் கொட்டி, முதல் மூன்றும் இவள் பக்கமே வரக்கூடாது என்று எழுதிவிட்டு, சீட்டை எடுத்தார்.

"இந்த ஊசி போட்டப்போ அரிப்பு, வீக்கம் வந்துச்சாம்மா?"

"இல்லைங்க டாக்டரம்மா. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, அவ்ளோதான்."

"அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"பிரதோஷமாச்சே! பச்சத்தண்ணிகூட குடிக்கல."

"பல் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சாமிக்கு இருக்கறத ஊருக்கெல்லாம் சொல்லிக்கினா இருப்பாங்க?"

கிரேஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் அறியாத மருந்தின்மேல் பழி! ஆனாலும் பேச்சை மட்டும் நம்பவில்லை. அதே மருந்தைத் தோலில் துளித்துளியாகப் போட்டு, காத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் முதுகில் மரத்துப்போகும் ஊசி என்று முடிவு செய்தார்.

அறுவைநாள் காலை ஊசி இறங்கியதும் கால்கள் கனத்தன. இதோ இருட்டப்போகிறது, இதோ, என்று கமலாட்சி விரல்களை இறுக்கிக்கொண்டாள். பாவம், என்னமாய்ப் பயந்திருப்பாள்! கிரேஸ் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கடைசித் தையல்வரை கண் இருட்டவே இல்லை.

தடாலென்று சத்தம் கேட்டது வெளியேதான். கமலாட்சியைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தபோது அவள் கணவர் உமாபதி தரையில் கிடந்தார். அவள் பட்டினி கிடக்கும்போது எனக்கென்ன சோறு என்று முந்தின நாளிலிருந்து வெறும் வயிறாம். நர்ஸ் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

"உங்களுக்கு யாருங்கய்யா ஊசி போட்டது?" என்றார் கிரேஸ்.

கமலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதுவிட்டாள். கணவரிடமிருந்த சுருக்குப்பையை வாங்கி, படுத்தவாறே சீட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சாயிற்றே, அவளுக்கே மசியவில்லை. உமாபதிதான் குனிந்து பல்லால் கடித்து அறுத்தார்.