சேற்றுக் கால்

என் அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இல்லாத கடவுள் எப்படி இருப்பார் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பா கூலிக்குப் போன கரும்புக் கொல்லைக்காரரைப் போலவே இருப்பார். உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு குனிந்தபடியே திரும்ப வேண்டும். “கீழ ஒரு ஆண்டை இருக்கறதே ஜாஸ்தி, மேல வேற ஒருத்தரா?” என்பார்.

அவருடைய ஒரே தங்கையான என் அத்தை, தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். ஒரு ஆண்டையை விட்டு இன்னொரு ஆண்டையிடம் போய்விட்டாள் என்று அப்பாவுக்கு வருத்தம். அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போனாலும் வாசலோடு சரி. உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எங்கள் சாமி சீடர்களின் காலைக் கழுவியவர் என்று அத்தை ஒருமுறை சொன்னதற்கு, எந்த முதலாளி கூலியாள் காலைத் தொடுவான் என்று சிரித்துவிட்டார். அப்புறம் அத்தை சாமி பேச்சையே எடுப்பதில்லை. அண்ணன் என்றைக்காவது உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தாள்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று ஒருமுறை நான் அத்தை வீட்டில் இருந்தேன். அந்தச் சீடர்களின் நினைவாகப் பங்குச் சாமியார் அன்று பன்னிரண்டு ஆண்களைக் கோயிலில் வரிசையாக உட்காரவைத்து வலது காலை மட்டும் கழுவுவார். பல ஊர்களுக்கும் அவர் ஒருவரே என்பதால் அத்தை ஊருக்குப் பொழுதோடேயே பூசை. ஆள் சேர்ப்பது மாமாவின் பொறுப்பு. அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சாமியார் தொடப்போகிற கால் ஆயிற்றே என்று, கழுவப்போகும் காலை முதலிலேயே கழுவிக்கொண்டுதான் போவார்கள். மத்தியானத்திலிருந்தே கிணற்றடியில் குதிகாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார்.

மணி அடிக்கிற நேரத்தில் பன்னிரண்டு பேரில் ஒருவர் மனைவிக்கு வலி கண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடிவிட்டார். அப்போதுதான் அப்பா என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார். முழங்கால்வரை செம்மண் சேறு.

“மச்சான், ஒரு ஆள் கொறையுது. சும்மா ஒக்காந்து எழுந்தா போதும்” என்றார் மாமா.

“எனக்குத்தான் சாமியே இல்லியே. என்னைய ஒக்கார வச்சி இன்னா பண்ணுவீங்க?”

“சாமிய நாங்க பாத்துக்கறோம். நீங்க கால மட்டும் குடுங்க.”

அப்பா தங்கையைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்பா மாமாவின் பின்னால் நடந்தார்.

சாமியார் கனத்த உடம்புக்காரர். முட்டி வலி வேறு. ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துத்தான் மண்டியிட்டு எழுந்தார். அதுவரை தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கடைசியாக அப்பாவின் வலது காலில் ஊற்றியதும் சிவந்துபோயிற்று. பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா எழுந்து போய்விட்டால் இனி வாசலுக்குக்கூட வரமாட்டார் என்று எனக்கும் பயமாக இருந்தது.

அப்பா காலை இழுத்துக்கொண்டார். “வேணாங்க. சேறுங்க.”

சாமியார் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தார். “அதுக்குத்தாங்க தண்ணி” என்று சொல்லிவிட்டுக் காலைத் திரும்பப் பிடித்தார். விரலிடுக்கில் இருந்த மண்ணையெல்லாம் கழுவினார். தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அப்பா அத்தை வீட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். அத்தை போட்டதைச் சாப்பிட்டார். அவள் இரண்டாம் தடவை போட்டபோதும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அப்பா எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. மேலே இருக்கும் ஆண்டையைப் பற்றிய பேச்சு மட்டும் எப்படியோ நின்றுபோயிற்று.

அன்று ஏரிக்கரை வழியாக வெறுங்காலோடு நடந்து வீடு வந்தபோது, சாமியார் கழுவிய வலது காலிலும் புழுதி ஏறியிருந்தது. அப்பா தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு இடது காலை மட்டும் கழுவினார்.

“அந்தக் காலும் மண்ணா இருக்குதுப்பா” என்றேன்.

“இருக்கட்டும்” என்று உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னொரு சொம்பு மொண்டு வைத்துக்கொண்டு அவருக்காக வாசலில் காத்திருந்தேன்.